ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் உருதுக் கவிதை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நான் ஃபாரூக்கியின் பெயரை இழுத்துவிடுவேன். உடனே கேள்விகள் வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உருது எனக்குத் தாய்மொழி அல்ல. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு, ஆங்கில நூல்களின் துணையோடு உள்ளே போனவன். அப்படிப் போகிறவனுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வழித்துணை ஃபாரூக்கி என்பது என் உறுதியான எண்ணம்.

யார் இந்த ஃபாரூக்கி? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

உருதுக் கவிஞர், விமர்சகர், பத்திரிகை ஆசிரியர், நாவலாசிரியர். 1935 செப்டம்பர் 30 அன்று உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கரில் பிறந்தார். குடும்பத்தின் பூர்விகம் ஆஸம்கர் பக்கம். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் 1955இல் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார். உருதுவின் புகழ்பெற்ற கவிஞர் ஃபிராக் கோரக்பூரி அப்போது அதே ஆங்கிலத் துறையில்தான் ஆசிரியராக இருந்தார். பிறகு ஃபாரூக்கி வாழ்நாளின் பெரும்பகுதியை அலகாபாத்தோடு சேர்த்தே கழித்தார். 2020 டிசம்பர் 25 அன்று அந்த ஊரில்தான் காலமானார்.

1986இல் 'தன்கீதி அஃப்கார்' என்ற விமர்சன நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது, 1996இல் சரஸ்வதி சம்மான், 2009இல் பத்மஸ்ரீ. நம் இந்திரா பார்த்தசாரதி 'இராமானுஜர்' நாடகத்துக்காக வாங்கினாரே, அதே சரஸ்வதி சம்மான்தான். விருதுகள் இத்தோடு போதும். இனி விஷயத்துக்கு வருவோம்.

ஷம்சுர் ரஹ்மான் என்றால் வங்கதேசக் கவிஞர் அல்லவா?

அவர் வேறு. டாக்காவைச் சேர்ந்த ஷம்சுர் ரஹ்மான் வங்க மொழியின் பெரிய கவிஞர்; 1929இல் பிறந்து 2006இல் மறைந்தவர். நம்மவர் எழுதியது உருதுவிலும் ஆங்கிலத்திலும். இணையத்தில் தேடும்போது 'ஃபாரூக்கி' என்பதையும் சேர்த்துக்கொண்டால் குழப்பம் வராது.

தபால் துறை அதிகாரியாமே? எப்போது எழுதினார்?

ஆமாம். படிப்பு முடிந்ததும் பலியாவிலும் ஆஸம்கரிலும் கல்லூரிகளில் கொஞ்ச காலம் ஆங்கிலம் கற்பித்தார். அப்புறம் குடிமைப் பணித் தேர்வு எழுதி இந்திய அஞ்சல் பணிக்குள் போனார். தலைமை அஞ்சல்துறைத் தலைவர், டெல்லியில் அஞ்சல் பணிகள் வாரிய உறுப்பினர் என்று உயர்ந்து 1994இல் ஓய்வு பெற்றார். அவரது முக்கியமான விமர்சன நூல்கள் பலவும் இந்தப் பணிக் காலத்தில் எழுதப்பட்டவை.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், உருது இலக்கியத்தில் அவர் பட்டம் வாங்கியவரே இல்லை. படித்தது ஆங்கிலம், பார்த்தது அரசு வேலை. உருதுவையும் பாரசீகத்தையும் தானே தோண்டித் தோண்டிப் படித்தார். பிற்பாடு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பகுதிநேரப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

'ஷப்கூன்' பத்திரிகையை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

'ஷப்கூன்' என்றால் இரவில் நடத்தும் திடீர்த் தாக்குதல். 1966இல் அலகாபாத்திலிருந்து ஃபாரூக்கி தொடங்கிய இலக்கிய இதழ் அது. சுமார் 40 ஆண்டுகள், கிட்டத்தட்ட 300 இதழ்கள் வந்தன. பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்த மனைவி ஜமீலாவின் பணமும் பக்கபலமும் இல்லாவிட்டால் அந்த இதழ் நின்றிருக்காது.

உருதுவில் 'ஜதீதியத்' எனப்படும் நவீனத்துவத்துக்கு 'ஷப்கூன்'தான் வீடு. கட்சி சாராத, தனிமனித அனுபவத்தையும் மொழியின் புதுமையையும் நம்பிய இளம் கவிஞர்களும் கதைக்காரர்களும் அங்கே எழுதினார்கள். இந்தியா, பாகிஸ்தான் இரு பக்கத்து எழுத்தாளர்களும் ஒரே இதழில் சந்தித்துக்கொண்டார்கள். எல்லையைத் தாண்டிக் கடிதம் போவதே சிரமமாக இருந்த ஆண்டுகளில் இது சின்ன விஷயம் அல்ல. நம்மூர்ச் சிற்றிதழ்களின் கதை தெரிந்தவர்களுக்கு, சொந்தப் பணத்தில் 40 ஆண்டு ஓர் இதழை நடத்துவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அவர் முற்போக்கு எழுத்தாளர்களின் எதிரியா?

எதிரணியில் இருந்தார் என்று சொல்லலாம். 1936இல் லக்னோவில் முதல் மாநாடு கண்ட முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருது இலக்கியத்தில் ஒரு தலைமுறைக்குக் கோலோச்சியது. கவிதை சமூகத்துக்கு என்ன செய்தது என்பதே அந்தத் தரப்பில் பலருக்கு முதல் அளவுகோல். கவிதை முதலில் கவிதையாக இருக்கிறதா, எதனால் அது கவிதை ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் ஃபாரூக்கி. 1973இல் வந்த அவரது நூலின் பெயரே 'ஷேர், கைர் ஷேர் அவுர் நஸ்ர்', அதாவது கவிதை, கவிதை அல்லாதது, உரைநடை. கொள்கை நன்றாக இருந்தால் செய்யுளும் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

கஜல் என்றால் காதல் புலம்பல்தானே? அதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கஜல் என்பது ஈரடிகளைக் கோத்து எழுதும் கவிதை வடிவம். ஃபாரூக்கியின் வாழ்நாள் உழைப்பே இதற்கான பதில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1857இல் டெல்லி வீழ்ந்தபின் உருது அறிஞர்களுக்குத் தங்கள் பழைய கவிதையைப் பற்றி வெட்கம் வந்துவிட்டது. முஹம்மத் ஹுசைன் ஆஸாத் 1880இல் 'ஆபே ஹயாத்' எழுதினார்; அல்தாஃப் ஹுசைன் ஹாலி 1893இல் 'முகத்தமா' எழுதினார். ஆங்கிலேயர் மெச்சும் 'இயற்கையான' கவிதைதான் நல்ல கவிதை, கவிஞன் உண்மையாக உணர்ந்ததைச் சொல்ல வேண்டும், பழைய கஜல் செயற்கையானது, நலிந்துபோனது என்ற பார்வை இந்த நூல்களின் வழியே வேரூன்றியது. அடுத்த நூறு ஆண்டுகள் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் கஜலைப் படித்தார்கள். அவ்வளவு ஏன், பள்ளிப் பாடம்வரை அதுதான்.

அந்தக் கவிஞர்கள் எந்த விதிகளின்படி எழுதினார்களோ அதே விதிகளைக் கொண்டு படித்துப் பாருங்கள் என்றார் ஃபாரூக்கி. அதற்கான சொற்களைப் பழைய கவிஞர்களின் வரிகளிலிருந்தும் பழைய கவிஞர் வரலாறுகளிலிருந்தும் பொறுக்கியெடுத்துச் சேர்த்தார். அவற்றில் இரண்டு சொற்கள் முக்கியம். 'மஸ்மூன்' என்பது கவிதை எடுத்துக்கொள்ளும் பொருள். தலைமுறை தலைமுறையாக வரும் பொதுச் சொத்து. 'மானி' என்பது அந்தப் பொருளிலிருந்து இந்த ஈரடி புதிதாகக் கறக்கும் அர்த்தம். காதலி இரக்கமற்றவள் என்பது மஸ்மூன். அது கவிஞரின் சொந்த வாழ்க்கைச் செய்தி ஆகாது. நம் அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குப் பெயர் சுட்டாமல் விடுகிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். குறிஞ்சிப் பாட்டு எழுதியவர் மலையில் காதலித்தவராக இருக்க வேண்டுமா என்ன?

ஓர் உதாரணம் நானே சொல்கிறேன். 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் மீரின் புகழ்பெற்ற வரி: ஒவ்வோர் இலைக்கும் ஒவ்வொரு செடிக்கும் என் நிலை தெரியும், தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன, மலருக்கு மட்டும்தான் தெரியாது, தோட்டம் முழுவதற்கும் தெரியும். தோட்டம், மலர், அதற்காக ஏங்கும் காதலன் எல்லாமே பழைய மஸ்மூன். ஆனால் மலருக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறதா? ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது என்பது அவமானமா, பெருமையா? 'மலர் தெரிந்துகொள்ளாமலே போகட்டும்' என்ற வீம்பாகவும் வாசிக்க உருது இலக்கணம் இடம் தருகிறது. இரண்டே அடிக்குள் இத்தனை கதவுகள். இப்படிப் புது அர்த்தங்களைப் படைப்பதற்குப் பெயர் 'மானி ஆஃப்ரீனி'. இதைப் பார்க்கக் கற்றபின் புலம்பல் என்ற சொல் வாயில் வராது.

மீர் ஒருவருக்கு நான்கு தொகுதிகளா?

மீர் தகீ மீர் (1723–1810) ஆறு உருது திவான்கள் (கவிதைத் தொகுப்புகள்) விட்டுச் சென்றவர். ஆனால் பிற்காலத்தார் அவரை அழுகைக் கவிஞர், எளிமைக் கவிஞர் என்று சுருக்கிவிட்டார்கள். உருக்கமான சில வரிகளை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வது, மற்றதையெல்லாம் விட்டுவிடுவது என்று ஆகிப்போனது. ஃபாரூக்கி எல்லாவற்றையும் படித்து, தேர்ந்தெடுத்த ஈரடிகளுக்கு ஒவ்வொன்றாக உரை எழுதினார். அதுதான் 1990க்கும் 1994க்கும் இடையில் நான்கு தொகுதிகளாக வந்த 'ஷேரே ஷோர் அங்கேஸ்'. சரஸ்வதி சம்மான் கிடைத்தது இதற்குத்தான்.

தலைப்பு மீரின் வரியிலிருந்தே எடுத்தது. எங்கே பார்த்தாலும் ஆரவாரம் எழுப்பும் ஓர் ஈரடி வெளிப்படுகிறது, என் திவான் முழுக்க ஊழிநாள் அமளி என்கிறார் மீர். அழுமூஞ்சிக் கவிஞர் பேசுகிற பேச்சா இது? ஃபாரூக்கி காட்டும் மீர் கிண்டல் செய்கிறார், சண்டை போடுகிறார், உடலின்பத்தைக் கூச்சமில்லாமல் பாடுகிறார், தத்துவம் பேசுகிறார். நம் பழைய உரையாசிரியர்களைப் படித்துச் சுவைத்தவர்களுக்கு இந்த நூலின் முறை உடனே பிடித்துப்போகும். மேலே சொன்ன மஸ்மூன், மானி எல்லாம் வெறும் கோட்பாடாக நிற்காமல் வரிக்கு வரி வேலை செய்வதை இங்கே பார்க்கலாம்.

மீரை உயர்த்த காலிபை இறக்கினார் என்கிறார்களே?

நான் அப்படி நினைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் காலிப் ஒருவர்தான் உருதுவின் சிகரம் என்ற பொதுக் கருத்தை அவர் அசைத்தது உண்மை. ஆனால் காலிபின் ஈரடிகளை விளக்கி 1968 முதல் சுமார் 20 ஆண்டுகள் 'ஷப்கூன்' இதழில் தொடர்ந்து எழுதியவரும் அவர்தான். அது 1989இல் 'தஃப்ஹீமே காலிப்' என்ற நூலாயிற்று. ஒரு கவிஞரை இறக்க நினைக்கிறவர் 20 ஆண்டு அவரோடு உட்கார்ந்திருக்க மாட்டார்.

உருது என்றால் ராணுவ முகாம் மொழிதானே? முகலாயப் படையில் பிறந்ததுதானே?

பள்ளியில் நானும் இப்படித்தான் படித்தேன். 'உர்து' என்ற துருக்கியச் சொல்லுக்கு முகாம் என்ற பொருள் இருப்பது நிஜம். ஆனால் அந்த மொழிக்கு 'உருது' என்ற பெயர் ஏற்பட்டது 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். அதற்கு முன் ஹிந்தி, ஹிந்துவி, டெஹ்லவி, குஜ்ரி, தக்கனி, ரேக்தா என்றெல்லாம் அழைத்தார்கள். 'உர்துவே முஅல்லா' என்று அன்று சொன்னது ஷாஜஹானாபாத் என்ற டெல்லி மாநகரத்தைத்தான் என்று காட்டுகிறார் ஃபாரூக்கி. ஆக அது நகரத்தின் மொழி. படைமுகாமில் பிறந்த மொழி என்ற கதை காலனி ஆட்சிக் காலத்தில் வசதியாகப் பரவியது. உருதுவை வந்தேறி மொழியாகவும் முஸ்லிம்களின் மொழியாகவும் மட்டும் காட்டுவதற்கு அது உதவியது. ஹிந்தி ஒருபுறம், உருது ஒருபுறம் என்று பிரிந்ததில் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்கும் பங்கு உண்டு. இதையெல்லாம் 2001இல் வந்த 'எர்லி உருது லிட்டரரி கல்ச்சர் அண்ட் ஹிஸ்டரி' என்ற ஆங்கில நூலில் வாதாடியிருக்கிறார்.

தெற்கத்திக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உருது இலக்கியம் முதலில் தழைத்தது டெல்லியில் அல்ல, குஜராத்திலும் தக்காணத்திலும். பீதரில் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நிஸாமி 'கதம் ராவ் பதம் ராவ்' என்ற நெடுங்கவிதையை எழுதிவிட்டார். தக்காணத்துக் கவிஞர் வலி 1700இல் டெல்லி போனார். 1720 வாக்கில் அவரது திவானும் அங்கே போய்ச் சேர, டெல்லி இளைஞர்கள் மயங்கிப்போனார்கள். பாரசீகப் பொருள்களை எடுத்து எழுது என்று டெல்லியின் ஷா குல்ஷன்தான் வலிக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. தெற்கிலிருந்து கற்றதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் டெல்லிக்காரர்கள் கட்டிய கதை அது என்கிறார் ஃபாரூக்கி. அவர் உத்தரப் பிரதேசத்துக்காரர் என்பதை நினைத்தால் அந்த நேர்மையின் மதிப்பு தெரியும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இன்றும் வீட்டு மொழியாக உருது பேசுகிறவர்களுக்கு இந்த நூலைக் கட்டாயம் சொல்வேன்.

ஹம்ஸா கதைகளில் அவர் ஏன் இறங்கினார்?

கஜலுக்கு நடந்ததேதான் கதைக்கும் நடந்தது. அமீர் ஹம்ஸா என்ற கதைநாயகனின் வீரசாகசங்களைச் சொல்லும் 'தாஸ்தான்' எனும் நெடுங்கதை மரபு பல நூறாண்டு பழையது. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் அதை 46 பெருந்தொகுதிகளாக அச்சிட்டது. நாவல் வந்தபின் தாஸ்தானைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கினார்கள். கடைசிப் பெரிய கதைசொல்லி மீர் பாகர் அலி 1928இல் இறந்ததோடு சொல்லும் கலையும் நின்றுபோனது. ஃபாரூக்கி பல ஆண்டுகள் அலைந்து 46 தொகுதிகளையும் சேர்த்தார், படித்தார், பல தொகுதிகளில் ஆய்வு எழுதினார். இது காதால் கேட்கும் கலை, இதை நாவலின் அளவுகோலால் அளக்காதீர்கள் என்பது அவர் வாதம்.

இதில் மகிழ்ச்சியான செய்தியும் இருக்கிறது. அவர் தூண்டுதலில் அவரது சகோதரர் மகனான மஹ்மூத் ஃபாரூக்கி 2005இல் டெல்லி மேடையில் 'தாஸ்தான்கோயி' எனும் கதைசொல்லலை மறுபடி தொடங்கினார். வெள்ளுடை, இரண்டு பேர், திண்டு. வேறு அலங்காரம் கிடையாது. இன்று அதற்கு அரங்கம் நிறைகிறது.

அவருடைய நாவலில் வரும் வஸீர் கானம் உண்மையான பெண்ணா?

உண்மையானவர். கவிஞர் தாக் டெஹ்லவியின் தாய். தாகின் தந்தை நவாப் ஷம்சுத்தீன் அகமத் கான்; டெல்லியில் வில்லியம் ஃப்ரேசர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1835இல் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் அதே ஆண்டு தூக்கிலிடப்பட்டார். தாகுக்கு அப்போது நான்கு வயது. வஸீர் கானம் பிற்பாடு கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஸஃபரின் மகன் மிர்ஸா ஃபக்ருவை மணந்தார். அவரும் 1856இல் இறந்துபோனார். வரலாற்று நூல்களில் இந்தப் பெண் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறார். ஃபாரூக்கி அவரை நடுவில் உட்காரவைத்து 2006இல் 'கயீ சாந்த் தே சரே ஆஸ்மான்' எழுதினார். ஓவியம், சால்வை நெசவு, உடை, நகை, பேச்சு மரியாதை என்று ஒரு பண்பாடே அதில் மூச்சுவிடுகிறது. 2013இல் 'தி மிரர் ஆஃப் பியூட்டி' என்று அவரே ஆங்கிலத்தில் எழுதினார்.

சிறுகதை கவிதைக்குக் கீழேதான் என்று சொன்னவர் ஏன் கதை எழுதினார்?

'அஃப்சானே கீ ஹிமாயத் மே' (1982) என்ற நூலில் அப்படி வாதாடியது உண்மை. கதைக்காரர்களுக்குக் கோபமும் வந்தது. பல ஆண்டு கழித்து 'ஷப்கூன்' இதழில் பேனி மாதவ் ருஸ்வா என்பவர் பெயரில் காலிபைப் பற்றி ஒரு கதை வந்தது. பிறகுதான் தெரிந்தது, எழுதியவர் ஃபாரூக்கி! கவிஞர்களின் உலகத்தை விமர்சனத்தால் விளக்கிப் பார்த்தவர், அதற்குள் வாசகனை நடக்கவிடக் கதையால்தான் முடியும் என்று கண்டுகொண்டார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அவருடைய சொந்தக் கவிதைகள் எப்படி?

'கஞ்சே சோக்தா' (1969), 'சப்ஸ் அந்தர் சப்ஸ்' (1974), 'சார் சிம்த் கா தர்யா' (1977), 'ஆஸ்மான் மெஹ்ராப்' (1996) ஆகியவை தொகுப்புகள். கடினமான கவிதைகள், யாப்பில் அபாரத் தேர்ச்சி. விமர்சனத்தின் நிழலில் கவிதை மறைந்துவிட்டது என்பது என் வருத்தம். என்றாலும் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் 'ஷேரே ஷோர் அங்கேஸ்' நூலைத்தான் எடுப்பேன்.

முதலில் நவீனத்துவர், பிறகு பழமைவாதி. கட்சி மாறிவிட்டார்தானே?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித் தெரியும். ஆனால் 1966இல் அவர் முற்போக்காளர்களிடம் கேட்டதும், பிறகு ஹாலியிடம் கேட்டதும் ஒரே கேள்விதான்: வெளியிலிருந்து கொண்டுவந்த அளவுகோலை ஏன் கவிதையின் தலையில் கட்டுகிறீர்கள்? அரிஸ்டாட்டிலின் கவிதையியலை உருதுவில் மொழிபெயர்த்தவர் அவர். மேற்கைக் கற்காமல் மறுத்தவர் அல்ல. கற்றதனால்தான் எது நம்முடையது, எது இரவல் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது.

அவர்மேல் நியாயமான குறையே இல்லையா?

இருக்கிறது. வடிவத்தையும் சொல்லையும் பார்த்த அளவுக்குச் சமூகப் பின்னணியை அவர் பார்க்கவில்லை என்ற குறையில் நியாயம் உண்டு. 'ஷப்கூன்' ஊக்குவித்த குறியீட்டுக் கதைகளில் சில, வாசகனை வாசலிலேயே நிறுத்திவிட்டன. அமைப்பியலையும் பின்நவீனத்துவத்தையும் உருதுவுக்குக் கொண்டுவந்த கோபி சந்த் நாரங்கோடு அவருக்கு நீண்ட கருத்து மோதல் இருந்தது. இரு பக்கமும் ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். மோதலைவிட இருவரின் நூல்களையும் படிப்பது பயன் தரும்.

எப்படி இறந்தார்? கொரோனாவா?

2020 நவம்பரில் கொரோனா தொற்று ஏற்பட்டு டெல்லியில் சிகிச்சை பெற்றார். தொற்று நீங்கியும் அதன் பின்விளைவுகள் விடவில்லை. அலகாபாத் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டிசம்பர் 25 காலையில் விமான ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். வீடு சேர்ந்த சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 85.

உருது தெரியாது. எதிலிருந்து தொடங்கலாம்?

கதை பிடிக்கும் என்றால் 'தி சன் தட் ரோஸ் ஃப்ரம் தி எர்த்' (2014) நூலை எடுங்கள். காலிப், மீர் போன்றோர் பாத்திரங்களாக வரும் கதைகள். ஆங்கில ஆக்கமும் அவருடையதே. பெரிய நாவலுக்கு முன் இது நல்ல பழக்கம். மொழி வரலாறு பிடிக்கும் என்றால் முகாம் மொழிக் கேள்வியில் சொன்ன 2001ஆம் ஆண்டு நூல், சிறியதுதான்.

கவிதைதான் வேண்டும் என்றால், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிரான்சஸ் பிரிட்செட் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் 'எ கார்டன் ஆஃப் காஷ்மீர்' என்ற மீர் தளத்துக்குப் போங்கள். ஈரடி, ஆங்கிலப் பொருள், ஃபாரூக்கியின் உரையிலிருந்து பகுதிகள் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். ஒரு நாளைக்கு ஓர் ஈரடி போதும். 'இலை இலையாய்ச் செடி செடியாய்' என்று தொடங்கும் அந்த மீர் கஜலையே முதல் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.